மருந்துத் தொட்டி

தஹ்மீனா விருதுநகர் எண்ணெய்க்கடைக் குடும்பத்துப் பெண். அவள் வீட்டில் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பது. தாயில்பட்டிப் பக்கம் மருந்து என்றால் பட்டாசுக்குள் திணிப்பது. தண்ணீர் ஆராய்ச்சிக்காக அங்கே வந்த பி.எச்டி. மாணவிக்கு இது தெரியாமல் போனதற்கு யாரை நோவது?

அது 2009. வயலுக்குப் போட்ட யூரியா இறங்கி ஊர்க் கிணற்றில் நைட்ரேட் ஏறிக் கிடந்தது. பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்த புட்டிப்பால் குடிக்கும் பச்சைப் பிள்ளைக்கு ரத்தம் கெட்டு, உடம்பு நீலம் பாய்ந்துவிடும். கிணற்றடித் தெருவில் புட்டிப்பால் குடித்தது ஒரே பிள்ளை. பட்டாசு வேலைக்குப் போகும் பாண்டிச்செல்வியின் மூன்று மாதக் குழந்தை.

இரும்பின் நுண்துகளை இறால் ஓட்டுப் பசையோடு பிணைத்து, மிளகளவு கறுப்பு மணிகளாக உருட்டி, கிணற்றடித் தொட்டியில் பைபையாகத் தொங்கவிட்டாள் தஹ்மீனா. அவை நைட்ரேட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நானோ அது இது என்று குழப்புவானேன் என்று நினைத்தாள்.

"கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு. தொட்டியில மருந்து போட்டிருக்கேன், பிள்ளைக்கு அதையே குடுங்க" என்றாள். பாண்டிச்செல்வி தலையாட்டினாள்.

மறுவாரம் சோதித்தால் தொட்டித் தண்ணீர் அவ்வளவு சுத்தம். சந்தோஷம் தாளாமல் பாண்டிச்செல்வி வீட்டுக்கு ஓடினாள். குழந்தையின் உதடும் நகமும் நாவற்பழ நிறத்தில் இருந்தன.

"தொட்டித் தண்ணி குடுக்கலையா?"

"மருந்துத் தண்ணியவா? என்ன மேடம் சொல்றீக! கம்பெனியில இருந்து வந்தா, மருந்துக் கையோட தொடக் கூடாதுன்னு குளிச்சிட்டுத்தான் பிள்ளையத் தூக்குறேன். அங்கன கறுகறுன்னு மருந்து தொங்குது, அதைப் போயி யாரு குடிப்பா?"

"அப்ப எதைக் குடுத்தீங்க?"

"கிணத்துத் தண்ணிதான். கெட்டுப்போச்சுன்னு சொன்னீகளேன்னு பாதியாச் சுண்டுற மட்டும் காய்ச்சினேன். எம்புட்டு விறகு!"

காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் பாதியானால் அது இரு மடங்கு கெட்டியாகும்.

கம்பெனி வேனை மறித்துச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சாயங்காலம், பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். காய்ச்சியதால்தான் இப்படி ஆனது என்பதைப் பெற்றவளிடம் மட்டும் சாகும்வரை சொல்வதில்லை என்று தஹ்மீனா முடிவு செய்தாள்.

பாண்டிச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நான்தான் அவசரப்பட்டு இறக்கிட்டேன் போல மேடம். இனிமே கால்வாசியாச் சுண்ட விட்டுத்தான் குடுப்பேன்."

தஹ்மீனா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, காய்ச்சினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தொடங்கினாள்.