அண்ணன் விழுங்கிய வைட்டமின் ஈ

அறையில் இருந்தவர்கள்: அண்ணன், தம்பி, டாக்டரம்மா. அண்ணனின் மூக்கில் பஞ்சு.

1
வைட்டமின் ஈ பற்றி என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். ‘பாதாம், வேர்க்கடலை, சூரியகாந்தி விதை, கீரை ஆகியவற்றில் கிடைக்கும் இது செல்களைச் சிதையாமல் காக்கிறது, நோய் எதிர்ப்புக்கும்...’ எழுதிக்கொண்டிருந்தபோது, இந்த இடத்தில் முடி வெட்டுகிற இரண்டு பேர் கட்டுரைக்குள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கட்டுரை போயிற்று.

2
சலூன் அண்ணனுடையது. கூட்டம் தம்பிக்கு. அவன் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே வெட்டுவான். முகம் பளபளவென்று இருக்கும். நாள் முழுக்க ஒரே கண்ணாடியில் இரண்டு முகமும் தெரியும்.

“நான் உன்கிட்டயே வெட்டிக்கிறேன் தம்பி. அப்பாவுக்கு எதுக்கு சிரமம்?” என்றார் ஒரு வாடிக்கையாளர்.

“அப்பா இல்லைங்க, அண்ணன்தான். நாலு வயசு பெரியவரு.”

அண்ணன் சிரித்தார். (அந்தச் சிரிப்பை வர்ணிக்கப் பார்த்தேன். ‘வயிறு எரிகிறவன், பல்லை மட்டும்...’ வேண்டாம்.)

3
அண்ணனுக்கு இதயக் கோளாறு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். தம்பி விதையாகக் கொறிப்பதை மாத்திரையாக விழுங்கினால் பளபளப்பில் அவனை முந்திவிடலாம் என்று கணக்குப் போட்டார். யாரையும் கேட்கவில்லை. வைட்டமின் ஈ மாத்திரைகளை வேளைக்கு இரண்டு மூன்றாக விழுங்கினார்.

[அடிக்குறிப்பு: சாப்பாட்டில் வரும் ஈ-யால் பொதுவாகக் கெடுதல் இல்லை. அளவு மீறிய ஈ மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் ரத்தப்போக்கு வரலாம். போன இளமை இதனால் திரும்பாது. தம்பியின் பளபளப்புக்கு விதைதான் காரணமா என்பதே சந்தேகம். அவன் பிறவியிலேயே அப்படி. அதை அண்ணனிடம் யார் சொல்வது?]

4
மூக்கில் வந்த ரத்தம் நிற்கவில்லை. வெட்டிக்கொண்டிருந்த தலையைப் பாதியில் விட்டுவிட்டு, தம்பிதான் டாக்டரம்மாவிடம் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான்.

“வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?” என்றார் டாக்டரம்மா.

“இல்லம்மா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இன்னைக்கு மூக்கு. நாளைக்கு மூளையில வந்தா என்ன பண்ணுவீங்க?”

“நீங்க எழுதிக் குடுத்ததைத் தவிர எதையும் தொடமாட்டாரு டாக்டர்,” என்றான் தம்பி, பெருமையாக. “நான்தான் கூடவே இருக்கேனே.”

5
முடிவு (அ): அண்ணன் உண்மையைச் சொல்லித் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுகிறார். எழுதினேன், அடித்துவிட்டேன். இவர் அந்த ரகமில்லை.

முடிவு (ஆ): சொல்லாமலே வீட்டுக்குப் போகிறார். அன்று இரவு...

முடிவு (இ) உங்களுடையது. நான் தருவது இவ்வளவுதான்:

“இவனை வெளிய போகச் சொல்லுங்க,” என்றார் அண்ணன்.

“நான் என்னண்ணே பண்ணேன்?”

“போடா. உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு என்னால பேச முடியாது.”

தம்பி போனான். டாக்டரம்மா எழுந்து, அவன் பின்னால் கதவைச் சாத்தித் தாழிட்டார்.