பத்தில் ஒன்பது

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. என் தலையில் கட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்காக வரும் ஒரு அறிவியல் இதழின் ஆசிரியை அழைத்து, "உணவுச் சங்கிலியில ஆற்றல் எப்படிப் போகுதுன்னு ரெண்டு பக்கத்துல ஒரு கதை எழுதிக் கொடுங்க, படம் நாங்க போட்டுக்கறோம்" என்றார். கையில் வேறு வேலை இல்லாததால் சரி என்றேன்.

முதல் வரி: "சூரியன் ஒரு பெரிய சமையற்காரன்." அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "ஒரு ஊரில் ஒரு பாசி இருந்தது." இது கொஞ்சம் தேவலை. ஆனால் பாசிக்கு என்ன கவலை வரும், அதற்கு எதற்காக ராத்தூக்கம் கெடும் என்று தெரியாமல் அதையும் விட்டேன்.

மூன்றாவது: "ஏரியின்மேல் காலை வெயில் விழுந்தபோது" [இந்த வாக்கியம் இப்படியே நிற்கிறது. வெயில் விழுந்தபோது யாராவது எதையாவது செய்தாக வேண்டும். என்னிடம் ஆளே இல்லை.]

ஆள் தேடித்தான் குடிநீர் அலுவலகத்தின் ஏரிக்கரை ஆய்வகத்துக்குப் போனேன். அங்கே தண்ணீரைச் சோதிக்கும் பெண், நான் கேட்ட பாடத்தைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு, கேட்காத ஒன்றையும் சொன்னாள். அது பிள்ளைகள் இதழுக்கு ஆகாது. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

2

அவளுக்கு நாற்பத்தொரு வயது. தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு சின்னப் படகில் ஏரிக்குள் போய், ஆறு இடங்களில் ஆறு பாட்டில் தண்ணீர் எடுத்து வருவாள். பதினாறு வருடமாக இதே வேலை. அதே ஏரியில்தான் அவளுடைய அண்ணன் வலை போடுகிறார். தண்ணீரில் இருவரும் எதிர்ப்பட்டால் அவர் துடுப்பைத் தூக்கிக் காட்டி, "பாப்பா, தண்ணிக்குக் காய்ச்சல் இருக்கா பாரு!" என்று கத்துவார். நாற்பத்தொரு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

[முதல் பிரதியில் அவளை ஒரு தியாகியாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "என்னை நல்லவளா எழுதாதீங்க சார், படிக்கிறவங்க ஏமாந்துடுவாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இது நான்காவது பிரதி.]

பாடம் அவள் வாயாலேயே இருக்கட்டும்: "வெயிலைச் சாப்பிடத் தெரிஞ்சது பாசி மட்டும்தான். பாசியை நீர்த்தெள்ளு தின்னும். கடுகுல பாதி இருக்கும், துள்ளித் துள்ளி நீந்தும். தெள்ளைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு படியிலயும் பத்துல ஒன்பது போயிடும். நீந்தறதுல, மூச்சு விடறதுல, சும்மா உயிரோட இருக்கறதுலயே சூடாப் போயிடும். போனது திரும்பாது. ஒரு கிலோ பெரிய மீன் வேணும்னா அடியில ஆயிரம் கிலோ பாசி இருந்திருக்கணும்."*

* பத்தில் ஒன்று என்பது தோராயக் கணக்கு. இடத்துக்கு இடம் கூடும், குறையும். இதை அவள் இரண்டு முறை வற்புறுத்திச் சொன்னாள். இந்த மாதிரி விஷயத்தில் அவள் கறார்.

3

அந்த வருடம் வெயில் கடுமை. ஏரி பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. குழாய்த் தண்ணீரில் மண் நாற்றம் அடித்தது. ஊர் முழுக்க ஏசியது. அலுவலகப் பொறியாளர் அவள் மேசைக்கு வந்து நின்று, "இந்தப் பச்சை போகணும். எவ்வளவு மருந்து போட்டா மீனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கணக்குப் போட்டுக் கொடுங்க" என்றார்.

அவள் கணக்குப் போட்டாள், கையெழுத்தும் போட்டாள். இரண்டு படகுகள் பாசியைக் கொல்லும் மயில்துத்த மூட்டைகளைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி வந்தன. நான்காம் நாள் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது. அடியில் கிடந்த கற்களை எண்ணலாம். ஒரு மீன்கூடச் செத்து மிதக்கவில்லை. பொறியாளர் கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டார். கணக்குப் பிசகவில்லை என்று அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை.

பிசகு வேறு இடத்தில் இருந்தது. மீனுக்கு ஆகாத அளவு என்ன என்று பார்த்தவள், தெள்ளுக்கு ஆகாத அளவைப் பார்க்கவில்லை. முன்பு ஒரு லிட்டரில் நாற்பது தெள்ளு இருக்கும். மூன்றாவது வாரம் எண்ணியபோது இரண்டு. பதிவேட்டில் இரண்டு என்று எழுதினாள். மறு வாரமும் இரண்டு. யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்டேன். "தானா சரியாயிடும்னு நினைச்சேன்" என்றாள். பிறகு அவளே திருத்தி, "இல்ல. பயந்துட்டேன்" என்றாள்.

4

மயில்துத்தம் போட்டு இரண்டு மாதம் ஆனபோது அண்ணன் ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவள் சமையலறைக்குள் வந்தார். மீனுக்குத் தலை இருந்தது. உடம்பு நூலாக இருந்தது.

"பாத்தியா? வலையில விழறதே நாலு. அதுவும் இப்படி. எல்லாம் தாடியோட வேலை."

தாடி என்பது பக்கத்துத் துறையில் வலை போடுகிறவர். அந்த வருடம்தான் புதிதாகப் பொடிக்கண் வலை வாங்கியிருந்தார்.

"சின்ன மீனையெல்லாம் அரிச்சு எடுத்துட்டான். பெருசு எதைத் தின்னும்? ஞாயித்துக்கிழமை சங்கம் கூடுது. அவனை ஏரியில இறங்கவிடக் கூடாதுன்னு சொல்லப்போறேன். கைதூக்க ஆள் இருக்கு."

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "தாடி அண்ணன் பண்ணியிருக்க மாட்டாருண்ணே" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்?"

அவளுக்கு எல்லாம் தெரியும்.

5

இந்த இடத்தில் நான் மூன்று முடிவுகள் யோசித்து வைத்திருந்தேன்.

ஒன்று: அவள் பேசாமல் இருந்துவிடுகிறாள். தாடி குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகிறார். [எழுதும்போதே கை கூசியது. ஆனால் உலகத்தில் அதிகம் நடப்பது இதுதான்.]

இரண்டு: பெயர் போடாமல் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுகிறாள். இதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். "என் கையெழுத்து எங்கண்ணனுக்குத் தெரியாதா?"

மூன்றாவதை எழுதி முடிப்பதற்குள் அவள் நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கொட்டகையில் இருபத்துமூன்று பேர். தாடி ஓரமாக, தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் எழுந்து பேசினார். கைதூக்கச் சொல்லப்போகும் நேரத்தில் அவள் வாசலில் இருந்து உள்ளே வந்தாள்.

"தாடி அண்ணன் பண்ணல. நான் பண்ணேன்."

"பாப்பா, நீ சும்மா இரு. இது எங்க விஷயம்."

அவள் சும்மா இருக்கவில்லை. பச்சை எப்படிப் போனது, அதோடு தெள்ளு எப்படிப் போனது, யார் கையெழுத்தில் என்று எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள்.

முன்வரிசையில் ஒருவர், "மீன் சாகலையேம்மா?" என்றார்.

"சாகல. பட்டினி கிடந்துச்சு."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பாளாம். அண்ணன் மட்டும் ஒன்று கேட்டார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"அஞ்சு வாரமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். தாடியை யாரும் ஏரியிலிருந்து விலக்கவில்லை. தாடி அவளிடம் நன்றியும் சொல்லவில்லை. இரண்டு பேர் அந்த மாதமே வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கட்டட வேலைக்குப் போனார்கள். அலுவலகம் அவளிடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. "கவனக்குறைவு" என்று ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்தாள். பொறியாளரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அண்ணன் ஏழு மாதம் அவளோடு பேசவில்லை. தண்ணீரில் எதிர்ப்பட்டால் படகைத் திருப்பிக்கொண்டார். அண்ணி மட்டும் அவ்வப்போது தொலைபேசியில், "சாப்பிடறாரு, தூங்கறாரு, வேற ஒண்ணும் கேக்காதே" என்பாள்.

6

ஏரி தன் போக்கில் இருந்தது. மழை வந்ததும் பாசி மெல்லத் திரும்பியது. சேற்றில் கிடந்த முட்டைகளிலிருந்து தெள்ளும் வந்தது. லிட்டருக்கு ஐந்து, ஒன்பது, பதினான்கு. மீன் உடம்பு பிடிக்க இன்னும் எத்தனையோ நாள் ஆகும். மேல்படிக்கு எதுவும் உடனே ஏறிவிடாது.

ஒரு நாள் முற்பகலில் அண்ணன் ஆய்வக வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கழற்றினார். இந்தப் பதினாறு வருடத்தில் அவர் அந்த அறைக்குள் வந்ததே இல்லை.

"அன்னைக்கு என்னமோ சொன்னியே. அது கண்ணுக்குத் தெரியுமா?"

அவள் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடித் துண்டில் வைத்து, நுண்ணோக்கியைச் சரிசெய்துவிட்டு விலகி நின்றாள். அவர் குனிந்தார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டார். தெள்ளின் இதயம் துடிப்பது வெளியிலிருந்தே தெரியும். முதுகில் முட்டைகள் இருக்கும். வயிறு பச்சையாக இருக்கும்.

வெகுநேரம் கழித்து அவர் சொன்னார்: "இத்தனூண்டையா நான் இவ்வளவு வருஷமாத் தின்னுட்டிருந்தேன்?"

சொல்லிவிட்டும் அவர் நிமிரவில்லை.

நிமிர்ந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டேன். சொன்னாள். எழுதியும் பார்த்தேன்: "அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்து" [இதோடு நிறுத்திக்கொண்டேன்.] பேசாத ஏழு மாதத்துக்கு ஈடாக நான் எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒன்று பத்தாமல் போகிறது, இல்லையென்றால் மிஞ்சிப் போகிறது. அவள் சொன்ன சொல்லும் அப்படித்தான்.

அவர் இன்னும் குனிந்துதான் இருக்கிறார். ஒரு கண்ணைக் கை பொத்தியிருக்கிறது. பக்கத்தில் தங்கை நிற்கிறாள். உங்களுக்கு அண்ணனோ தங்கையோ இருந்தால், அவரை நிமிர்த்துவது இனி உங்கள் பாடு.