மணியடிக்கிறவன் போட்ட மொட்டைப் பெட்டிசன்

வல்லிநாயகத்துக்கு வயிறு எரிந்தது. சோடா குடித்தால் ஆறுகிற எரிச்சலா அது? சிவனணைந்தபெருமாள் பட்டாளத்திலிருந்து இலஞ்சிக்கு வந்து இறங்கிய அன்று பிடித்த எரிச்சல்.

பெருமாள் வேறு யாருமில்லை, அவன் பெண்டாட்டி செண்பகவல்லியின் அத்தை மகன். முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவன். அவன் பட்டாளத்துக்குப் போனதால்தான் அவள் வல்லிநாயகத்துக்கு வாய்த்தாள். சீனச் சண்டையில் பனியில் கிடந்து பெருமாளுக்கு இடது காலில் மூன்று விரல் போயிற்று. 'படைக்கு ஆகாது, ஊர் வேலைக்கு ஆகும்' என்று பட்டாளத்து டாக்டர்கள் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டீக்கடையில் அவனைக் கண்டால் கிழவர்கள்கூட ஒதுங்கி பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவனுக்கு ஒரு பயலாவது எழுந்திருந்தானா?

மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தால் மேலகரம் வரைக்கும் கேட்கும். வல்லிநாயகம் அதை ஒட்டி நின்றுதான் அடிப்பான், அதில் அவனுக்கு ஒரு கெத்து. வேலை தற்காலிகம். இந்த வருஷம் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அந்த நேரம் பார்த்தா இந்தச் சனியன் அதே பள்ளிக்கூடத்தில் வேலைக்கு மனுப் போட வேண்டும்?

போதாததற்குப் பெருமாள் சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடுவான். அடுப்படி வாசலில் நின்று செண்பகவல்லியிடம் ஏதோ குசுகுசுப்பான். ஒரு எழுத்து காதில் விழாது. வல்லிநாயகத்தைக் கண்டதும், "அண்ணாச்சி! சாப்ட்டாச்சா!" என்று சிற்றாற்றின் அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுகிற மாதிரி கத்துவான்.

சாரல் நாளில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனபோதும் அதே கதை. அருவிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் வாயும் அசைந்தது. அவள் சிரித்தாள். வல்லிநாயகத்துக்குத் தலையில் விழுந்த தண்ணீர்கூடச் சுட்டது.

'இந்தப் பய ஏன் எங்கிட்ட இப்படிக் கத்துதான்? செவிடன்தான் கத்துவான்! பீரங்கிச் சத்தத்துல காது போயிருக்கு. கால் விரலைக் காட்டி அத மறைக்கான்.' செவிடன் அவளிடம் மட்டும் எப்படிக் குசுகுசுக்கிறான் என்று யோசிக்க எரிச்சல் விடவில்லை.

அன்றைக்கே கல்வி அதிகாரிக்கு ஒரு மொட்டைப் பெட்டிசன் எழுதினான். செவிடர்களைப் பள்ளிக்கூடத்தில் நுழைக்கச் சதி நடப்பதாக எழுதினான். தன்மேல் சந்தேகம் வரக்கூடாதே என்று, 'காதைப் பரிசோதிக்காமல் யாருக்கும் வேலை கொடுக்கக் கூடாது' என்று நியாயவான் மாதிரி முடித்தான்.

பெட்டிசன் நன்றாகவே வேலை செய்தது. பெருமாள், வல்லிநாயகம் இருவரும் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டும்படி உத்தரவு வந்தது.

வல்லிநாயகம் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனான். டாக்டர் பெருமாளின் பின்னால் நின்று, ஒரு காதைப் பொத்தி, மறு காதுக்கு மெதுவாக எண் சொன்னார். பெருமாள் பிசகில்லாமல் திருப்பிச் சொன்னான். இரண்டு காதுக்கும் அப்படியே.

அடுத்து வல்லிநாயகம். வலது காதைப் பொத்தியபோது ஒன்றுவிடாமல் சொன்னான். பிறகு டாக்டர் இடது காதைப் பொத்தினார். வல்லிநாயகம் காத்திருந்தான். வெகுநேரம் காத்திருந்தான்.

"ஆரம்பிக்கலாம் சார்," என்றான்.

டாக்டர் முன்னால் வந்து நின்று அவன் முகத்தைப் பார்த்தார். "ஆறு நம்பர் சொல்லிட்டேனேய்யா."

மறுநாள் ஹெட்மாஸ்டர் மேசையில் இரண்டு சான்றிதழ்கள் இருந்தன. பெருமாளுக்குத் தகுதி உண்டு. வல்லிநாயகத்துக்கு இல்லை.

"அவன் கேட்டது வாட்ச்மேன் வேலைலே," என்றார் ஹெட்மாஸ்டர். "மணி வேலையை உனக்குன்னுதான் எழுதி வச்சிருந்தேன். பழைய ஆளு, டெஸ்ட்டே வேண்டாம்னு சொல்லியிருந்தேன். எந்தப் பாவி பெட்டிசன் போட்டானோ, நாசமாப் போவான். இனி ரெண்டையும் பெருமாள்தான் பாக்கணும்."

வல்லிநாயகம் கையிலிருந்த மணிக் கம்பியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் செண்பகவல்லி அவனுக்கு இடப்பக்கமாக வந்து உட்கார்ந்தாள். "எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும். அதான் எப்பவும் இந்தப் பக்கமா வந்து பேசுதேன். சொன்னா உங்களுக்கு ரோசம் வந்துரும்."

"அவனுக்கும் தெரியுமாட்டீ?"

"அத்தான் வந்த அன்னைக்கே கண்டுக்கிட்டாவ. பட்டாளத்துல இப்படி எத்தனையோ பேரப் பாத்திருக்காவளாம். 'அண்ணாச்சிய அந்த இரும்பை ஒட்டி நிக்க வேண்டாம்னு சொல்லு, மிச்சக் காதும் போயிரும்'னு எங்கிட்ட தினமும் அதத்தான் சொன்னாவ."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வல்லிநாயகம் வாசலில் நின்று இடது காதைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திருப்பினான். மணி கேட்டது. ஒரு அடி பிந்தவில்லை, ஒரு அடி பிசகவில்லை. பெருமாள் கை நீளத்துக்குத் தள்ளி நின்று, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அடிக்கிறானாம்.

வல்லிநாயகத்துக்கு அழுகை வரவில்லை. "அவன் கையில இருக்கது எங் கம்பியில்லா," என்றான். வயிறு பழையபடி எரிந்தது.