டிபார்ச்சர் ஆறு மணி

தையல்காரம்மாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் வரும். முழுதாகத் தெரிந்தவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள், அறவே தெரியாதவர்களும் தப்பித்துக்கொள்கிறார்கள். இந்த அரைகுறைகள் பாடுதான் திண்டாட்டம்.

செவ்வாய்க்கிழமை காலை, கணவருடைய சட்டையில் பொத்தான் தொங்குகிறதே என்று ஊசியோடு உட்கார்ந்தவள், பையில் ஒரு குட்டி நோட்டைப் பார்த்தாள். அவர் வானிலை அலுவலகத்தில் வெயிலையும் மழையையும் பதிவேட்டில் ஏற்றுகிற குமாஸ்தா. எதை எழுதினாலும் கட்டம் போட்டுத்தான் எழுதுவார். திங்கள் என்று போட்ட வரிசையில் ஏதேதோ எண்கள். கடைசிக் கட்டத்தின் தலையில் இருந்த வார்த்தையைக் கூட்டிப் படித்தாள். டிபார்ச்சர். கீழே ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் இரண்டு என்ற எண்.

அந்த வார்த்தையை அவளுக்கு நன்றாகத் தெரியும். மகளை ஏற்றிவிடப் போனபோது விமான நிலைய வாசலில் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த வாசலுக்குள் போனவள் இரண்டு வருடமாகப் போனில்தான் பேசுகிறாள்.

ஆக, மனுஷன் கிளம்பப் போகிறார். இரண்டு மணிக்கு!

ஞாயிறன்றுதான் மகள், "அம்மா, அப்பாவ எதுக்கெடுத்தாலும் திட்டாத. ஒருநாள் வெறுத்துப்போயிடும் அவருக்கு" என்று சொல்லியிருந்தாள். திங்களன்று நாக்கைக் கொஞ்சம் அடக்கியும் பார்த்தாள். வெள்ளம் தலைக்கு மேல் போன பிறகு அடக்கி என்ன?

அன்று இரண்டு மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. வழக்கம்போல மாலையில் வந்தார், ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டார். அவள் பேசாமல் எடுத்துக் காயப்போட்டாள். புதன் காலை நோட்டில் நான்கு என்றிருந்தது. கிளம்புறதுக்குக்கூட நேரத்தத் தள்ளிப்போடுதே இந்தச் சோம்பேறி என்று தொண்டைவரை வந்ததை விழுங்கினாள். அன்று அவர் பாலைப் பொங்கவிட்டார், வெட்டிவைத்த துணிமேல் டீ டம்ளரை வைத்தார். "பரவாயில்லைங்க" என்றாள். அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

வியாழன் காலை நோட்டில் ஆறு.

மாலை ஆறடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். தையல்காரம்மா பாதி வெட்டின கால்சட்டையை அப்படியே போட்டுவிட்டு, கையில் கத்தரிக்கோலோடு வாசலை மறித்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"பால் வாங்க."

"பொய்! நோட்டுல டிபார்ச்சர்னு எழுதியிருக்கே? நான் பாத்தேன்."

அவர் திருட்டு முழி முழித்தார். "ஐயோ, அது ஆபீஸ் வார்த்தை. ஒரு ஊரோட முப்பது வருஷச் சராசரி வெயில் எவ்வளவோ, அதுக்குப் பேரு நார்மல். இன்னிக்கு வெயில் அதவிட எவ்வளவு கூட, எவ்வளவு கொறைவு, அதுதான் டிபார்ச்சர். கோடு போட்டா கொறைவுன்னு அர்த்தம்."

"வெயில் கணக்க எதுக்குச் சட்டைப்பையில ஒளிச்சு வெச்சீங்க?"

"வெயில் இல்ல, உன் திட்டு. நமக்குக் கல்யாணமாகிப் போன மாசத்தோட முப்பது வருஷம். நார்மல், நாளுக்கு ஆறு."

"ஆறா? நான் அவ்வளவா திட்டுறேன்?"

"மக பரீட்சை சமயத்துல பத்துவரைக்கும் போயிருக்கு. ஆனா திங்கள்ல இருந்து ரெண்டு ரெண்டா கொறையுது. நேத்து சைபர். டம்ளரத் துணிமேல வெச்சதே உன்னச் சோதிக்கத்தான். அதுக்கும் பரவாயில்லைங்கிற!" அவர் பையைக் கீழே வைத்தார். "ஆபீஸ்ல இப்படி வந்தா, ஏதோ பெருசா வரப்போகுதுன்னு பயப்படுவோம். நீ மக வீட்டோட போயிடப்போறேன்னு நெனச்சேன். மூணு நாளாத் தூக்கமில்ல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இந்த மனிதரை விட்டு அவள் எங்கே போவாள்?

"ஒண்ணு கேக்குறேன். ஆறுக்கு மேல போனா அதுக்கும் டிபார்ச்சர்தானா?"

"ஆமா. ஆனா ப்ளஸ்."

தையல்காரம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அப்ப உக்காருங்க."