நீராவிக்குள் கிரண்

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் புதுக் கூடத்தை மூன்று பேர் வடிவமைத்தார்கள். நீராவிக் குழாய்கள் ஸ்ருதியின் பொறுப்பு, கட்டடம் லாவண்யாவுடையது, மின் இணைப்பு கிரணுடையது. ஆளுக்கொரு படம் வரைந்தபோது குழாய் சுவரில் முட்டியது. ஒயர் குழாயை உரசிக்கொண்டு ஓடியது. பிறகு கம்ப்யூட்டரில் மூவருக்கும் ஒரே முப்பரிமாண மாதிரியை வைத்துக்கொண்டார்கள். யார் எதை மாற்றினாலும் அதில்தான் மாற்றவேண்டும்.

முதல் சோதனையன்று கிரண் கூடத்துக்குள் இருந்தான். பெண்கள் இருவரும் பஜார் தெரு அலுவலகத்தில் அந்த மாதிரியைத் திறந்துவைத்து, போனில் அவனோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று போனில் பெரும் சீறல்.

"பைப்பு ஜாயிண்ட் புட்டுக்கிச்சு!" கிரண் கத்தினான். "வந்த வழி பூரா ஆவி. கண்ணே தெரியல!"

லாவண்யா இன்னொரு போனில் பாய்லர்காரர் ஜெகநாதனைக் கூப்பிட்டு ஆவியை நிறுத்தச் சொன்னாள். ஆனால் குழாயில் இருக்கும் ஆவி உடனே அடங்காது. அது தோலை உரித்துவிடும் என்பது ஸ்ருதிக்குத் தெரியும்.

"எங்க நிக்கற?"

"மூணாவது சாயத் தொட்டிகிட்ட."

ஸ்ருதி அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கினாள். "குனிஞ்சிக்கோ. வலது பக்கம் மெயின் பைப்பு, போகாத. இடது சுவத்தப் புடிச்சிகினே போ, பின் கதவு வரும்."

லாவண்யா அவள் மணிக்கட்டைப் பற்றினாள். "ஏய், அந்தக் கதவ அடைச்சிடலாம்னு மேஸ்திரி நேத்து கேட்டாரு. வேணாம்னுதான் சொன்னேன். கேட்டாரோ என்னவோ..."

ஸ்ருதி திரையில் அந்தக் கதவை உற்றுப் பார்த்தாள். படத்தில் கதவு இருந்து, அங்கே சுவர் இருந்தால்?

"ஜல்தியா சொல்லு!" கிரண் இருமினான்.

அப்போதுதான் திரையில் அந்தக் கதவுக்கு மேலே, வெளியே போகும் வழியைக் காட்டும் ஒரு பச்சை விளக்கு அவள் கண்ணில் பட்டது. கிரண் புதிதாகச் சேர்த்தது.

"கதவு மேல லைட்டு எப்ப மாட்டின?"

"இன்னைக்குக் காலைல!"

"கதவு இருந்துச்சா?"

"இருந்துச்சு, இருந்துச்சு!"

"அப்ப போ. நிக்காத!"

உலோகம் மோதும் சத்தம். ஒரு அலறல். போன் துண்டிக்கப்பட்டது.

திரும்பக் கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை. இருவரும் ஸ்கூட்டியில் கூடத்துக்குப் பறந்தார்கள். லாவண்யாவின் விரல்கள் ஸ்ருதியின் தோளில் பதிந்திருந்தன.

பின் கதவுக்கு வெளியே கிரண் மண்ணில் உட்கார்ந்திருந்தான். வலது கை முழுக்கக் கொப்புளம்; அதிலிருந்த போன் உள்ளேயே விழுந்திருந்தது. ஜெகநாதன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் கிரணின் உதடு துடித்தது. லாவண்யா அழுதுவிட்டாள்.

கட்டுப்போட்ட கையோடு அடுத்த வாரம் அவன் அலுவலகத்துக்கு வந்தான். மூவரும் மாதிரியைத் திறந்தார்கள். மூன்றாவது தொட்டிக்கு நேரே சுவரைக் காட்டி, "இங்க இன்னொரு கதவு வேணும்" என்றான்.

லாவண்யா உடனே திரையில் அந்தச் சுவரை வெட்டினாள். ஸ்ருதி தன் குழாயை நகர்த்தினாள்.