திரைக்குள் பாதி மருமகள்

காலையில் வெள்ளைத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கைபேசியைப் பார்த்து மூன்று முறை குனிந்து எழுவது ஜிபாராவுக்குப் பழகிவிட்டது. புது மருமகள் மாமியார் முன் குனிய வேண்டும், மாமியார் வாழ்த்த வேண்டும். கிர்கிஸ் வீடுகளில் அதுதான் மரியாதை. மாமியார் சைராகுல் இருப்பதோ நரின் மலைப்பக்கம். மகனும் மருமகளும் எல்லை தாண்டி அல்மாட்டியில், ஒரு தையல் கூடத்தில் வேலை. ஆகவே மரியாதை, ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்த கைபேசி வழியாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

இடுப்புக்கு மேலே லட்சணமான மருமகள். கீழே, புருஷன் தாலாய் பந்தாடப் போட்டுக்கொள்ளும் அரைக்கால் சட்டை. திரையில் தெரியாத மூலையில் நின்று தாலாய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவான்.

"எங்கம்மாவுக்குக் கிடைச்சது பாதி மருமகதான். மீதி என்கிட்ட இருக்கு" என்பான்.

கல்யாணமாகி இரண்டு மாதம். அந்தச் சிரிப்பில்தான் குடித்தனம் ஓடியது. ஆனால் ஜிபாராவுக்கு உள்ளூரப் பயம். தாலாய் கடைக்குட்டி. கடைசி மகன்தான் பெற்றவர்களோடு இருக்க வேண்டும். அவன் பிழைக்கப் போய்விட்டால் அவன் மனைவியாவது இருக்க வேண்டும். "பனி விழறதுக்குள்ள அவளை அனுப்பி வை" என்று அம்மா சொல்லும்போதெல்லாம், "நம்ம மாட்டுக்கு அவளைப் பிடிக்காதும்மா" என்று ஏதாவது சொல்லி நழுவுவானே தவிர, முடியாது என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. வேடிக்கை பேசியே காலம் தள்ளும் ஆண்களிடம் இதுதான் தொல்லை. எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று கட்டியவளுக்கே தெரியாது.

அன்று அவள் குனிந்து நிமிர்ந்தபோது அடுப்பில் பால் பொங்கியது. பெரியவர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது. அவளும் காட்டவில்லை. முகத்தைக் கைபேசிக்கு நேராக வைத்தபடியே பின்னால் நடந்தாள். பின்னால் போகப் போக முழு உருவமும் திரைக்குள் வந்துவிடும் என்பது அந்த அவசரத்தில் உறைக்கவில்லை. அரைக்கால் சட்டையும் வெறுங்காலும் நரின் போய்ச் சேர்ந்தன. போதாக்குறைக்கு, அவளுடைய பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கழுவிய கிண்ணங்களோடு வந்த தாலாய் மீது முட்டிக்கொண்டாள்.

அவன் எட்டி அடுப்பை அணைத்தான். இருவருக்கும் சிரிப்பு பீறிட்டது. மறுமுனையில் சிரிப்பில்லை.

"என் பிள்ளை பாத்திரம் கழுவுறானா?" என்றாள் சைராகுல். "ஞாயித்துக்கிழமை அவளை பஸ் ஏத்து. மருமகள்னா எப்படி இருக்கணும்னு நான் சொல்லிக் குடுக்கறேன்."

"அம்மா, கிண்ணம் தானா வந்து என் கையில..."

"விளையாடாதடா. ஏத்துவியா, மாட்டியா?"

தாலாய் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தான். "பாக்கலாம்மா" என்றான்.

ஜிபாராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாக்கலாமா? தன் வாழ்க்கை இவனுக்குப் பாக்கலாமா? மாமியார் பேச்சில் மருமகள் குறுக்கிடுவது வழக்கமில்லை. குறுக்கிட்டாள்.

"நான் வரல அத்தை. இவரை விட்டுட்டு என்னால இருக்க முடியாது. ரெண்டு பேருமாச் சேர்ந்து வர்ற அன்னிக்கு வரேன்."

"இது யார் பேச்சு? உன் பேச்சா, அவன் பேச்சா?"

தாலாயின் உதட்டோரம் கோணியது. அடுத்து ஒரு தமாஷ் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"இப்ப ஏதாவது கோமாளித்தனம் பண்ணினே, நானே பஸ் ஏறிடுவேன்" என்றாள் அடிக்குரலில்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு கைபேசியைப் பார்த்தான். "என் பேச்சுதாம்மா" என்றான்.

ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கணம் அவள் மனம் துள்ளியது. இனி மாமியார் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தாள். சைராகுல் திட்டவில்லை. தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு பிள்ளை பெத்தேன். மத்தவங்க யாரும் கூப்பிடறதில்ல" என்றாள். "காலைல நீ குனியறப்பதான் இந்த வீட்டுல ஒரு மனுஷக் குரல் கேக்குது. என்மேல இருக்கிற கோவத்துல நாளைக்குக் கூப்பிடாம இருந்துடாதே."

ஜிபாரா தலையை மட்டும் ஆட்டினாள். தூரத்தில் நின்றதால் அது சரியாகத் தெரியவில்லையோ என்னவோ, "கூப்பிடுவியா?" என்று சைராகுல் மறுபடியும் கேட்டாள்.