கேட்காத மருந்து

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் அவளுக்கு வைத்த பெயர் டார்ச் டாக்டர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் இருக்கும். அதன் தலையில் ரப்பர் தவளை ஒன்று. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிக்கொண்டு வருகிற குழந்தைகூட அந்தத் தவளையை வாய் பிளந்து பார்க்கும். அந்த இடைவெளியில் அவள் கண்ணைப் பார்த்து முடித்துவிடுவாள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்ததில்லை, நேரம் போனது தெரியவில்லை, அவ்வளவுதான். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகிற ஒரு பரம்பரை நோயின் பின்னால் தன் இளமையை முழுக்க விட்டிருந்தாள். அந்த நோய் வந்த குழந்தைக்கு முதலில் மங்கிய வெளிச்சத்தில் கண் தெரியாது. பிறகு பக்கவாட்டில் பார்வை சுருங்கும். பள்ளிக்கூடம் முடிக்கிறதற்குள் மிச்சமும் போய்விடும். அதைத் தடுத்து நிறுத்த ஒரு மருந்து, குழந்தைகள் குடிக்கிற மாதிரி ஆரஞ்சு வாசனையில், கடைசியில் அவள் குழுவின் கைக்கு வந்தது. அது கேட்குமா என்று பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். தங்கையின் ஒரே மகளுக்கு அப்போது ஐந்து வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு. பெரியம்மா குரல் கேட்டதும் மாடியிலிருந்து தடதடவென்று ஓடி வந்தவள், விளக்குப் போடாத நடைக்கு வந்ததும் நின்றாள். சுவரில் கையை வைத்துத் தடவித் தடவி நடந்தாள். வாசல் வெளிச்சம் பட்டதும் மறுபடி ஓட்டம்.

"என்னடி, செவுத்தப் புடிச்சிக்கிட்டு வர்றா?"

"அது ஒரு விளையாட்டுக்கா. சாயங்காலமானா இப்படித்தான்" என்று தங்கை சிரித்தாள்.

டாக்டர் அதை விளையாட்டு என்று விடவில்லை. மறுநாளே பரிசோதனை செய்தார்கள். அவள் பயந்தது சரியாகவே இருந்தது.

ஆராய்ச்சியில் சேருகிற குழந்தைகளில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே ருசியில் வெறும் இனிப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். முடிவு வரும்வரை டாக்டர்களுக்கும் தெரியாது, தாய் தகப்பனுக்கும் தெரியாது. சொந்தத் தங்கையின் குழந்தை என்பதால் வாண்டுவை இன்னொரு ஆஸ்பத்திரியில், இன்னொரு டாக்டரிடம் சேர்த்தாள். சேர்க்கிறதற்கு முந்தின நாள் தங்கை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இவளுக்கு மருந்துதான் வரணும். நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"யார்கிட்டடி சொல்றது? அது என் கையிலேயே இல்ல."

"உன் ஆராய்ச்சி, உன் மருந்து. உன் கையில இல்லன்னா யார் கையில இருக்கு?"

"அப்படிச் சொல்லி மாத்த முடிஞ்சா, அப்புறம் அது ஆராய்ச்சியே இல்லடி."

"ஆராய்ச்சி யாருக்குக்கா வேணும்? எனக்கு எம்புள்ள கண்ணு வேணும்."

என்ன சொன்னாலும் அது காதில் ஏறாது என்று டாக்டருக்குத் தெரிந்தது.

வாண்டு தினமும் மருந்தைக் குடித்தாள். பாட்டிலைக் கவிழ்த்து மூடியையும் நக்குவாள். ஒரு வருஷத்தில் படிக்கட்டில் விழ ஆரம்பித்தாள். அடுத்த வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற தோழியைத் தலையைத் திருப்பித்தான் பார்க்க முடிந்தது. அப்புறம் கரும்பலகை போயிற்று. ஒரு நாள் அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, "மூக்கு மட்டும்தான் தெரியுதும்மா" என்று சிரித்தாள்.

அன்று தங்கை போன் பண்ணினாள். "தண்ணியக் குடுத்து எம்புள்ளயக் குருடாக்கிட்ட. இனிமே எனக்கு அக்கா இல்ல." அதோடு சரி. டாக்டர் போன் பண்ணினால் எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால் தங்கை புருஷன்தான் கதவைத் திறந்து, வாசலிலேயே நின்றபடி, "கொஞ்ச நாள் போகட்டும், அண்ணி" என்பார். கொஞ்ச நாள் வருஷங்களாயிற்று.

ஆராய்ச்சி முடிந்து முடிவு வந்தது. மருந்து குடித்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நோய் அப்படியே நின்றுவிட்டிருந்தது. ஆஸ்பத்திரியே கொண்டாடியது. நர்ஸ்கள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் கலைந்ததும் அந்த இன்னொரு ஆஸ்பத்திரி டாக்டர் போனில் வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"மேடம், உங்க தங்கச்சி பொண்ணு... அவளுக்குக் குடுத்தது தண்ணி இல்ல. மருந்துதான். ஒரு சில குழந்தைகளுக்குக் கேக்கல. அதுல அவளும் ஒருத்தி."

அவள் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். தன்மேல் தப்பில்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் நெஞ்சில் இருந்த பாரம் துளிகூட இறங்கவில்லை. இத்தனை வருஷமும் தங்கை நிமிர்ந்து நின்றது அந்தக் கோபத்தின் பலத்தில்தான் என்று அவளுக்குத் தெரியும். அதையும் பிடுங்கிக்கொண்டு போவதா? ஆனால் பெற்றவளிடம் மறைக்க முடியாது. "நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

இந்தத் தடவை கதவைத் திறந்தது தங்கைதான். டாக்டர் உட்காராமலே சொல்லி முடித்தாள். தங்கை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"மருந்தா?"

"மருந்துதான்டி."

"தண்ணியாவே இருந்திருக்கக் கூடாதா அக்கா?" என்றாள் தங்கை. "உன்னத் திட்டிக்கிட்டாவது கெடந்திருப்பேனே. இனிமே நான் யாரத் திட்டுவேன்?"

வருஷங்களுக்குப் பிறகு அக்கா என்ற வார்த்தை. இருவரும் அந்தத் துணிக்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். ஒருத்தியை ஒருத்தி தொடவில்லை.

கிளம்பும்போது தங்கை கேட்டாள். "ஏன் கேக்கலன்னு கண்டுபுடிக்க முடியுமா?"

"முடியலாம். அதுக்கு அவ ரத்தம் வேணும். ஆனா அதனால அவளுக்கு ஒண்ணும் கெடைக்காதுடி. பின்னால வர்ற புள்ளைங்களுக்குத்தான்."

"என்னைக் கேக்காத. அவளயே கேளு."

வாண்டுவுக்கு இப்போது பத்து வயது. "ஊசி வலிக்குமா பெரியம்மா?" என்று மட்டும் கேட்டாள். வலிக்கும் என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, வர்றேன். ஆனா ஐஸ்க்ரீம் வாங்கித் தரணும்" என்றாள்.

ஆஸ்பத்திரி அறையில் வாண்டு கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் முழங்கைக்கு மேல் பட்டையைக் கட்டி, நரம்பைத் தேடினாள். பிறந்த குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் எடுக்கிற கை அது. முதல் குத்தில் வரவில்லை. இடத்தை மாற்றினாள். அப்போதும் வரவில்லை.

"என்ன பெரியம்மா, உங்களுக்கும் கண்ணு தெரியலையா?" என்று வாண்டு சிரித்தாள்.

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, "சிஸ்டர், நீங்க எடுங்க" என்று எழுந்து நகர்ந்தாள். நர்ஸ் வந்து எடுத்தாள்.